பின்பாதியைச் சொல்லாமல் உட்காரக் கூடாது

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஆங்கிலம் படிக்கக் கிளம்பிய கதை இது. நான் எதையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிறவன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். வாழ்நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்றவன் நான். "சாயம் போகவே போகாது, உங்க பேரன் காலத்துக்கும் வரும்" என்று நான் அடித்துச் சொல்லி விற்ற சட்டைத் துணிகள், முதல் நனைப்பிலேயே வாளி, குழாயடி, பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை எல்லாவற்றையும் சிவப்பாக்கியிருக்கின்றன. திட்ட வந்தவர்கள் திட்டி முடித்துவிட்டு இன்னொரு துணி வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட வாய். ஓய்வுபெற்ற பிறகு அதற்கு வேலையே இல்லாமல் போயிருக்க வேண்டியது. மச்சான் இருந்ததால் பிழைத்தது.

மச்சானைப் பட்டறையில் எல்லோரும் 'லேத்' என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புத் தண்டைச் சுழலவிட்டு மயிரிழை மயிரிழையாகச் சீவுகிற மெஷின் அது. அதன் முன்னால் நின்றே தலை நரைத்தவர். அந்தப் பட்டறைச் சத்தம் இருக்கிறதே, கூரையில் இடி விழுந்தால்கூட யாரோ இருமினார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கை ஜாடை. விரலை மேலே காட்டினால் வேகத்தைக் கூட்டு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் குறை. ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்தால் மெஷினை நிறுத்து. பட்டறையைவிட்டு வந்த பிறகும் மச்சான் ஜாடையை விடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். மின்விசிறியைக் குறைக்க உள்ளங்கை. என் மனைவி ஒரு முறை அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "அண்ணா, நான் என்ன மெஷினா?" என்று கேட்டாள். அதற்கு ஒரு முஷ்டியின் மேல் இன்னொன்றை வைத்தார். பேச்சை நிறுத்து என்று அர்த்தம்.

அவருக்கு ஒரே மகள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். பையன் வேற்றுமொழிக்காரன். மச்சான் முஷ்டியின் மேல் முஷ்டியை வைத்தார். அவ்வளவுதான். அதிலிருந்து அவள் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டு விமானம் ஏறும் வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டுப் பல்லிகூட அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கும், இவர் கொட்டவில்லை. அவள் வாயைத் திறந்தால் முஷ்டி மேல் முஷ்டி. அழுதாலும் அதேதான். காலையில் அவள் கிளம்புவதற்கு முன்பே எழுந்து, குளித்து, தலை சீவி, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார். பேசாமலிருப்பதற்கென்றே வேலைக்குப் போகிற மாதிரி.

பிறகு மச்சானின் மனைவி போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் மகளும் பேசவேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு மாடி அறைக்கு மச்சான் குடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீடியோவில் வருவாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்மா." "மாத்திரை?" "போட்டேன்." கோட்டைமதில் மேல் நின்று இரண்டு காவல்காரர்கள் பேசிக்கொள்வது போலிருக்கும்.

ஒரு ஞாயிறு மச்சான் திடீரென்று, "நான் அங்க வந்து உங்ககூடவே இருந்துடறேனே" என்றார். கேட்டுவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார், அப்போதே கிளம்புகிற மாதிரி.

மகள் சிரித்தாள். "வாங்கப்பா. ஆனா இவருக்குத் தமிழ் வராது. இவர் வீட்ல இருந்துதான் வேலை பாக்கறார். நான் ஆபீஸ் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் பகல் முழுக்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும். கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கோங்க. இவரோட பேசற அளவுக்கு வந்ததும் டிக்கெட் போடறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் சொன்ன சொல் தவறமாட்டாள். அந்த விஷயத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஆக, மச்சானுக்கு மிச்சமிருந்த ஆயுள் முழுவதும் ஆங்கிலம் என்ற ஒரே கொக்கியில் தொங்கியது. என் மனைவி அன்றைக்கே கம்பளி நூல் வாங்கிவந்து, குளிர் நாட்டுக்கு ஏற்ற சட்டை பின்ன உட்கார்ந்துவிட்டாள். துணைக்கு என்று என்னையும் வகுப்பில் தள்ளினாள். "நீங்களும் போங்க. உங்க வாய்க்குத் தமிழ் மட்டும் பத்தல."

வகுப்பு ஒரு மெத்தைக் கடைக்கு மேலே. கீழே பஞ்சு அடித்தால் மேலே எங்கள் மூக்கில் ஏறும். அங்கே ஆங்கிலம் கற்றவர்களைவிடத் தும்மக் கற்றவர்கள்தான் அதிகம். டீச்சர் எங்கள் எல்லோருக்கும் மகள் வயது. கரும்பலகையில் எழுதும்போது திரும்பிப் பார்க்காமலேயே யார் கொட்டாவி விட்டது என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பக்கத்து நாற்காலி சலூன்காரருக்கு. வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் வம்பளக்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம். தமிழில் வம்பளந்து பாதி ஊரை ஏற்கெனவே பிரித்து வைத்தவர்.

டீச்சர் முதல் நாள் பலகையில் 'செட் அவுட்' என்று எழுதினாள்.

"பஸ் பிடிக்க வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் செட் அவுட். ஒரு காரியத்தை முடிக்கணும்னு மனசுல வச்சுக்கிட்டு இறங்கினாலும் செட் அவுட். ஆனா தும்மினதுக்கு, தடுக்கி விழுந்ததுக்கெல்லாம் இதைச் சொல்லக் கூடாது. அதெல்லாம் தானா நடக்கறது. மனசறிஞ்சு, இதைத்தான் செய்யப்போறேன்னு இறங்கினதுக்கு மட்டும்தான் செட் அவுட்."

"டீச்சர், இந்த ரூம்ல நாங்க தும்மறதுக்குன்னே கிளம்பி வர்றோமே, அதுக்குச் சொல்லலாமா?" என்றார் சலூன்காரர்.

"நீங்க சொல்லலாம். இன்னொண்ணு. செட் அவுட்னு சொன்னா நீங்க கிளம்பினது தெரியும். போய்ச் சேந்தீங்களான்னு அந்த வார்த்தை சொல்லாது. கேக்கறவங்க அடுத்து என்னன்னு காத்துட்டு இருப்பாங்க. அதனால தினமும் வந்ததும் ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு, எதுக்குக் கிளம்பினீங்கன்னு சொல்லணும். அப்புறம் என்ன ஆச்சுன்னும் சொல்லணும். பின்பாதியைச் சொல்லாம உட்காரக் கூடாது. பொய் கூடாது."

பொய் கூடாது என்றபோது என்னை ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

சலூன்காரர் எழுந்தார். ஒருவருடைய மீசையை இரண்டு பக்கமும் சமமாக்குவதற்கு செட் அவுட். பின்பாதி, மீசை இல்லை. உட்கார்ந்தார். நான் எழுந்தேன். மனைவிக்குத் தெரியாமல் மத்தியானம் தூங்குவதற்கு செட் அவுட். பின்பாதி, ஒட்டடை அடித்தேன். உட்கார்ந்தேன்.

மச்சான் எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மகள் வீட்டுக்குப் போவதற்காக ஆங்கிலம் கற்க செட் அவுட் என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கீழே இரண்டு மெத்தை தைத்து விற்றே விட்டார்கள்.

"நல்லா இருக்கு. பின்பாதி?"

"இன்னும் வரல."

"அப்ப சின்னதா வேற ஒண்ணு சொல்லிட்டு உக்காருங்க. காலைல கடைக்குக் கிளம்பினது, அந்த மாதிரி."

"வேற எதுக்கும் நான் கிளம்பலம்மா."

"ஐயோ, இது பயிற்சிதான் சார்."

"சொல்லாம உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

டீச்சர் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டார். வகுப்பு முடியும் வரை நின்றார். மறுநாளும் அதே வாக்கியம், அதே சுவர். அதற்கடுத்த நாளும். டீச்சர் கெஞ்சினாள், மிரட்டினாள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்குப் பின்னாலேயே போட்டாள். மனிதர் அசைய வேண்டுமே. லேத் முன்னால் நின்று பழகிய கால். பஞ்சு பறந்துவந்து அவர் தலையிலும் தோளிலும் படியும். வீட்டுக்கு வரும்போது ஒரு தலையணைக்குத் தேறும். என் மனைவி அதைத் தட்டித் தட்டிச் சேர்த்து ஒரு மெத்தையே தைத்திருக்கலாம். தைக்கவில்லை, கம்பளிச் சட்டையில் மும்முரமாக இருந்தாள்.

படிப்பு என்றால் அப்படி ஒரு படிப்பு. பட்டறையில் அளவுகளை இரும்பின் மேலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்வார்கள். மச்சான் மாடி அறையின் இரும்பு பீரோவில் வார்த்தைகளைக் குறித்துக்கொண்டார். முன்பக்கம் நிரம்பி, பக்கவாட்டு நிரம்பி, பின்பக்கம் எழுதுவதற்காகச் சுவரிலிருந்து பீரோவை நகர்த்தி, அந்தச் சத்தத்தில் தெருவில் பாதிப் பேர் நிலநடுக்கம் என்று வெளியே ஓடிவந்தார்கள். மாடிப்படியில் ஏறும்போது ஆங்கிலம், இறங்கும்போது ஆங்கிலம். வார்த்தையை வாயில் வைத்துக் கடைந்து கடைந்து, பிசிறு இல்லாமல் துப்புவார். மழைக்காலம் முடிவதற்குள் டீச்சர் பேசுவது அவருக்கு முழுசாகப் புரிந்தது. பேச்சும் வந்தது. நிதானமாக, ஆனால் தப்பில்லாமல். எனக்கோ புரிதல் மட்டும் எப்படியோ வந்து தொலைந்தது. வாயைத் திறந்தால் துணி விற்கிற மாதிரிதான் இருந்தது.

ஆனாலும் ஆங்கிலம் வந்துவிட்டதை மச்சான் மகளிடம் சொல்லவில்லை. "முழுசா வரட்டும் மாப்ள. ஒரு நாள் மருமகன்கிட்ட நேரா பேசி அசத்திடறேன். அவ மூஞ்சிய அப்பப் பாக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று குறித்திருந்தார். என்ன பேசுவது என்று வாரம் முழுக்கக் கடைந்து தயாராக வைத்திருந்தார். சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அலாரம் கடிகாரத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறையில் இருந்தாள்.

மகள் வந்தாள். அவளுக்குப் பின்னால் மருமகன், கையில் காப்பிக் கோப்பையோடு. "சாப்டீங்களாப்பா?" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மருமகன் அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். "ஒரு நிமிஷம்ப்பா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் எங்களுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை.

"டிக்கெட்டைப் போட்டுவிடேன். பாவம், இந்த வயதில் வகுப்புக்கெல்லாம் போகிறார்" என்றான் மருமகன்.

"கற்றுக்கொள்ள மாட்டார். வராது என்று தெரிந்துதான் கற்றுக்கொள்ளச் சொன்னேன்."

"அது பழைய கதை. உன்னைக் காயப்படுத்த வேண்டும் என்று அவர் கிளம்பியிருக்கமாட்டார். கோபத்தில் நடந்திருக்கும்."

'கிளம்பியிருக்கமாட்டார்' என்ற இடத்தில் 'செட் அவுட்' என்றுதான் சொன்னான். மகள் சிரித்த முகத்தோடு, குரலை உயர்த்தாமல், காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்:

"கிளம்பினார். அதற்கென்றே கிளம்பினார். தினமும் காலையில் எழுந்து, குளித்து, தலை சீவி, எனக்கெதிரே வந்து உட்கார்ந்து செய்தார். எனக்கும் அவருக்கும் ஒரே பாஷை இருந்தபோது அவர் என்னிடம் பேசவில்லை. இப்போது உன்னிடம் பேசப் பாஷை கற்கிறாராம்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சொல்லுங்கப்பா, சாப்டீங்களா?" என்றாள்.

என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மச்சானின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அது உடைகிற சத்தம் கேட்டது.

"சாப்டேன்மா" என்றார்.

"மாத்திரை?"

"போட்டேன்."

"இங்கிலீஷ் எப்படிப் போகுது?"

"போகுதும்மா."

அழைப்பு முடிந்ததும் எழுந்து மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, அவங்க பேசினது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கெங்க மச்சான். ரயில் வேகத்துல பேசினாங்க."

"பொய் சொல்றப்ப துணி மடிக்கற மாதிரி கையை வச்சுக்கறீங்க. காலங்காலமா பாக்கறேன்."

கையைப் பார்த்தேன். மடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கோவத்துல இருந்தீங்க மச்சான். அது தானா நடந்தது" என்றேன்.

"தும்மலா அது?" பீரோவில் எழுதியிருந்த அந்த வார்த்தையை விரலால் தொட்டார். "ஒரு நாள் மறந்துபோய் அவகிட்ட பேச இருந்தேன். மழை வருது, குடை எடுத்துட்டுப் போன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பல்லைக் கடிச்சு நிறுத்தினேன். நனைஞ்சுட்டுதான் போனா. பல்லைக் கடிக்கறது எப்படித் தானா நடக்கும்? கிளம்பித்தான் மாப்ள செஞ்சேன். பொண்ணுக்கு இங்கிலீஷ் நல்லா வருது. சரியான இடத்துல சரியான வார்த்தையைப் போடறா."

துணிக்கடையில் எந்த மோசமான துணிக்கும் ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடித்தவன் நான். அன்றும் விடாமல், "தமிழ்லயே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். தப்புதான்னு" என்றேன்.

"எப்படி ஆரம்பிக்கறது? நீ இங்கிலீஷ்ல சொன்னது எனக்குப் புரிஞ்சுதுன்னா? புரிஞ்சுதுன்னு தெரிஞ்சா அவ டிக்கெட் போட்டாகணும். சத்தியம் பண்ணியிருக்கா. போடுவா. பல்லைக் கடிச்சுட்டுப் போடுவா. அப்புறம் தினமும் காலைல எனக்கெதிர்ல வந்து உக்காந்து சிரிக்கணும் அவ. எங்கிட்டதானே கத்துக்கிட்டா, நல்லாவே செய்வா."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்தார். நானும் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். மருமகன் தானே போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். நல்ல மனிதன், நல்ல மனிதர்களுக்கு எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரியாது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, என்ன கற்றீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மகள் அவனுக்குப் பின்னால் நின்றாள்.

மச்சான் திருதிருவென்று விழித்தார். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் நாடகக் கொட்டகைப் பக்கமே போகாத மனிதர். வாயைத் திறந்தார், மூடினார், மேலே பார்த்தார். "ஃபேன்" என்றார். யோசித்தார். "ஃபேன் கோயிங்." மருமகன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். "டீ ஹாட். ஐ குட் மார்னிங்." மத்தியான வெயில் ஜன்னலைப் பிளந்துகொண்டிருந்தது. "யூ... டேபிள்" என்றார் மருமகனைப் பார்த்து. நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். சிரிப்பு வந்ததா வேறேதாவது வந்ததா என்று கேட்காதீர்கள்.

மருமகன் விடாமல் இன்னும் எளிதாக ஒன்று கேட்டான். எப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று. அதற்குப் பதில் மச்சானிடம் தயாராக இருந்தது. வாரம் முழுக்கக் கடைந்து, மெருகேற்றி, போன ஞாயிறு போட்டுக்கொண்ட சலவைச் சட்டையோடு சேர்த்து வைத்திருந்த பதில். அதைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கினதை நான் பார்த்தேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். தலையைத் தொட்டுக்காட்டி, உதட்டைப் பிதுக்கி, பிறகு ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்தார். என் மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மகளின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்த முஷ்டிகளைப் பார்த்ததும் ஒரு கணம் அந்தப் பழைய சாப்பாட்டு மேசைக்கே போய்விட்டாள். பிறகு அவை இந்த முறை தனக்கெதிராக வைக்கப்படவில்லை என்று புரிந்தது போலிருந்தது. தோள் இறங்கியது.

"பரவால்லப்பா" என்றாள். "மெதுவா கத்துக்கோங்க. ஒண்ணும் அவசரமில்ல."

"சரிம்மா."

மருமகன்தான் விடவில்லை. ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னான், பெரியவரைப் போட்டு ஏன் வதைக்க வேண்டும், நானே தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்று. அவள் அழைப்பை முடித்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, பின்னல் ஊசியோடு வெளியே வந்தாள்.

"ஏண்ணா, இத்தனை நாளா அந்தப் பஞ்சுக் கடைல நின்னு நின்னு இதைத்தான் கத்துக்கிட்டியா? ஃபேன் கோயிங்காம். மரமண்டைன்னாலும் இப்படியா? சட்டைல ஒரு கைதான் பாக்கி. யாருக்குப் பின்றேன் இதை?"

"இங்கயே போட்டுக்கறேன்" என்றார் மச்சான்.

"இந்த வெயில்லயா?"

என்னைப் பார்த்து, நீங்களாவது சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா என்று திட்டினாள். ஊரிலுள்ள ரகசியங்களையெல்லாம் காற்றில் பறக்கவிட்ட வாய் என்னுடையது. ஆனால் அண்ணனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அன்று சாயங்காலமே அண்ணன் மகளுக்குப் போன் போட்டுவிடுவாள். நான் துணி மடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு, "எனக்கே அரைகுறை" என்றேன்.

மறுநாள் வகுப்பில் மச்சான் எழுந்தார். சலூன்காரர் வழக்கம்போல அவருக்காகச் சுவரோரம் இடம் ஒதுக்கினார். மச்சான் தன் வாக்கியத்தைச் சொன்னார். மகள் வீட்டுக்குப் போவதற்காக ஆங்கிலம் கற்கக் கிளம்பினேன். டீச்சர் பழக்கதோஷத்தில், "பின்பாதி?" என்றாள்.

"ஆங்கிலம் கற்றுக்கொண்டேன்" என்றார் மச்சான், ஆங்கிலத்தில், ஒரு பிசிறு இல்லாமல்.

சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில், முதல் முறையாக, உட்கார்ந்தார்.

வகுப்பே எழுந்துவிட்டது. கைதட்டலில் கீழே மெத்தைக்காரன் கூரை விழுகிறதென்று தெருவுக்கு ஓடினான் என்று நான் வழக்கமாகச் சொல்வதுண்டு. உண்மையில் ஓடவில்லை, எட்டிப் பார்த்தான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சலூன்காரர் மச்சானின் முதுகில் தட்டினார்.

"எப்ப பிளைட்டு, லேத்தண்ணே? போறதுக்கு முன்னால கடைக்கு வந்துடுங்க. மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்பறேன்."

"வர்றேன்" என்றார் மச்சான். உட்கார்ந்த இடத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டார். நின்றபோது வலிக்காத கால் உட்கார்ந்ததும் வலித்தது போல.

அதற்குப் பிறகும் வகுப்பை அவர் விடவில்லை. வேறென்ன செய்வது, வந்துவிட்டதே. வார நாட்களில் அவருடைய ஆங்கிலம் வளர்ந்துகொண்டே போகிறது. இப்போது டீச்சரையே சில இடங்களில் நிறுத்தி யோசிக்கவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்ந்துகொண்டே போகிறது. போன மாதம் 'குட் மார்னிங்'கும் போய்விட்டது. மத்தியானம் மகள் கூப்பிடுவதற்கு முன்னால் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, பீரோவில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடுவார். யாராவது போனை மாடிக்கு எடுத்துக்கொண்டு வந்து பேசினாலும் மகள் கண்ணில் படக் கூடாதல்லவா. திங்கட்கிழமை மறுபடி எழுதுவார்.

மருமகன்தான் பாவம். தமிழ் கற்க நிஜமாகவே கிளம்பிவிட்டான். மகளிடம் கேட்டால் நேரமில்லை என்கிறாளாம். அதனால் ஞாயிறுதோறும் மச்சானிடமே கேட்கிறான், கை ஜாடையில். மச்சானுக்குக் கை ஜாடையில் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா. கடிகாரத்தைக் காட்டி நாற்காலி என்றார். நாற்காலியைக் காட்டி மழை என்றார். போன வாரம் அவன், வருகிறவரை எப்படி வரவேற்பது என்று இரண்டு கையையும் விரித்து, தன் பக்கமாக இழுத்துக்காட்டிக் கேட்டான்.

மச்சான் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தானும் அதேபோல் கையை விரித்து, தன் பக்கமாக இழுத்து, தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார்: "போங்க."

"போங்க" என்றான் மருமகன். சரியாகத்தான் வந்தது. சந்தோஷத்தில் மறுபடி மறுபடி சொன்னான். கையை இன்னும் அகலமாக விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "போங்க மாமா, போங்க, போங்க."

மகள் அவன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மச்சானும் பார்த்தார்.

அவள் திருத்தவில்லை.

"மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள்.